கண்ணும் பிராணவாயுவும்

எந்தப் பொருளையேனும் மிகவும் ஜாக்கிரதையாகப் பேண வேண்டுமென்றால், "கண்ணைப் போல் காப்பாற்று" என்று சொல்வது நம் நாட்டு வழக்கம். நகையாயினும், நிலமாயினும், கொடுத்த வாக்காயினும் அப்படித்தான். ஆனால் அந்தக் கண்ணை எப்படிக் காப்பாற்றுவது என்று யாராவது திருப்பிக் கேட்டால் நம்மில் பலர் திகைத்து நிற்போம். இமை காக்கிறது என்போம். தூசி விழாமல் காப்பதற்கு இமை போதும்தான். ஆனால் இமைக்கு எட்டாத உட்புறத்திலே, வலியில்லாமல், சிவப்பில்லாமல், வருஷக் கணக்காக ஓசைப்படாமல் நடந்து வரும் ஒரு சேதம் இருக்கிறது. அதைச் செய்வது விஷமன்று, கிருமியுமன்று. நாம் மூச்சுக்கு மூச்சு உட்கொள்ளும் பிராணவாயுவேதான்!

இந்தச் சேதத்தைப் பற்றி வைத்தியர்கள் தெரிந்து கொண்டார்கள். வியாபாரிகள் அவர்களைக் காட்டிலும் சீக்கிரமாகத் தெரிந்து கொண்டார்கள். இன்று மருந்துக் கடைக்குப் போனால், கண்ணுக்குக் காவல், பார்வைக்குப் பலம் என்றெல்லாம் அச்சிட்ட மாத்திரைப் புட்டிகள் வரிசையாக நிற்கின்றன. விலை குறைவல்ல. பென்ஷன் பணத்தில் காலம் தள்ளும் தாத்தா வாங்கிச் சாப்பிடுகிறார். அயல்நாட்டில் இருக்கும் பிள்ளை அம்மாவுக்கு வாங்கி அனுப்புகிறான். இவற்றால் பயன் உண்டா? சிலருக்கு உண்டு, பலருக்கு இல்லை, ஒரு சாராருக்குத் தீங்கும் உண்டு. யார் எந்த வகையைச் சேர்ந்தவர் என்பதைத் தெரிந்து கொண்டால் வீண் செலவும் மிச்சமாகும், கண்ணும் பிழைக்கும். அதை எடுத்துச் சொல்வதே நமது நோக்கம்.

ஒளியும் வாயுவும் கூடும் இடம்

கண்ணைப் போட்டோப் பெட்டிக்கு ஒப்பிடுவது பழைய உபமானம். முன்னால் வில்லை இருக்கிறது; பின்னால் பிம்பம் விழும் திரை இருக்கிறது. அதற்கு விழித்திரை என்று பெயர். அரை மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத அந்த மெல்லிய ஏட்டில், ஒளியை உணரும் அணுக்கள் மட்டும் சுமார் பத்துக் கோடி இருக்கின்றன. கோல் போன்ற அணுக்கள் மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்கின்றன. கூம்பு போன்ற அணுக்கள் வர்ணங்களையும் நுட்பமான உருவங்களையும் காட்டுகின்றன. திரையின் நடுவே மஞ்சள் புள்ளி என்று ஒரு சிறு பிரதேசம் உண்டு. நாம் புத்தகம் படிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும், எதிரில் வருபவரின் முகத்தை அடையாளம் காண்பதும் இந்தப் புள்ளியின் உபயந்தான்.

உடம்பில் எடைக்கு எடை பார்த்தால் மிக அதிகமாகப் பிராணவாயுவைச் செலவிடும் பாகங்களில் விழித்திரை ஒன்று. அதன் பின்புறத்தில் இரத்தம் வெள்ளம் போல் ஓடிக் கொண்டிருக்கிறது. முன்புறத்தில் விழித்திருக்கும் நேரமெல்லாம் ஒளி வந்து விழுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவில், எளிதில் கெடக்கூடிய ஒருவகைக் கொழுப்பினால் ஆன ஆயிரக்கணக்கான மெல்லிய தட்டுக்கள் அந்த அணுக்களில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒளி, பிராணவாயு, கொழுப்பு ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடினால் என்ன ஆகும் என்பதை நம் வீட்டுப் பெண்மணிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மூடாத டப்பாவில் பல நாள் கிடந்த முறுக்கில் சிக்கு வாடை அடிக்கிறதல்லவா? எண்ணெயிலுள்ள கொழுப்பைப் பிராணவாயு தாக்கியதனால் வந்த வாடை அது. இரும்பில் துரு ஏறுவதும் பிராணவாயுவின் கைங்கரியமே. விழித்திரையில் நடப்பதும் அந்த ஜாதியைச் சேர்ந்த காரியந்தான்.

இது எப்படிப் பரவுகிறது என்று கேட்கலாம். அணுவுக்குள்ளே எலெக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாக இருப்பதையே விரும்பும். பிராணவாயு செலவாகும்போது, ஜோடியை இழந்த ஒற்றை எலெக்ட்ரானுடன் சில துணுக்குகள் வெளிப்படுகின்றன. கலியாண வீட்டு வாசலில் செருப்பில் ஒன்றைத் தொலைத்தவன் அடுத்தவன் செருப்பில் ஒன்றை மாட்டிக் கொண்டு போய்விடுகிறான் என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்த அடுத்தவன் வேறொருவன் செருப்பில் கை வைக்கிறான். இப்படியே போனால் பந்தி முடிவதற்குள் பத்துப் பேர் வெறுங்காலுடன் நிற்க வேண்டியதுதான்! விழித்திரையின் கொழுப்பிலும் இத்தகைய சங்கிலித் திருட்டுத்தான் நடக்கிறது.

வெறும் வெளிச்சமே இந்தச் சேதத்தைத் தூண்டவல்லது என்பதை 1966-ம் வருஷத்தில் வெர்னர் நோயல் என்ற விஞ்ஞானி அமெரிக்காவில் எலிகளைக் கொண்டு நிரூபித்தார். கண்ணைச் சுடும் அளவு வெப்பமில்லாத குழல்விளக்கு வெளிச்சத்தில் எலிகளை இடைவிடாமல் வைத்திருந்தபோது, அவற்றின் ஒளியுணரும் அணுக்கள் மடிந்தன. எலி இரவில் நடமாடும் பிராணி; மனிதனுடைய கண் அவ்வளவு எளிதில் தோற்பதில்லை. ஆகையால் வீட்டு விளக்கைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டாம். ஆனால் ஒளியானது பார்வையைத் தருவதோடு நிற்பதில்லை, அதற்கு ஒரு விலையும் உண்டு என்பது அன்று முதல் தெளிவாயிற்று.

தினந்தோறும் நடக்கும் புதுப்பிப்பு

இவ்வளவு ஆபத்தான இடத்தில் எழுபது, எண்பது வருஷம் பார்வை நிலைத்திருப்பதே ஓர் அதிசயம். அந்த அதிசயத்தின் ரகசியத்தை 1960-களின் பிற்பகுதியில் ரிச்சர்டு யங் என்ற அமெரிக்க விஞ்ஞானி கண்டுபிடித்தார். ஒளியுணரும் அணுக்கள் தங்கள் தட்டுக்களைத் தினந்தோறும் புதிதாக உற்பத்தி செய்கின்றன. அடியில் புதிய தட்டு முளைக்கிறது. நுனியில் பழைய தட்டு கழன்று விழுகிறது. சுமார் பத்து நாளைக்குள் அடுக்கு முழுவதும் புதிதாகி விடுகிறது. நேற்றுக் கெட்டதை இன்று எறிந்து விடுவதுதான் கண்ணின் முதல் காவல்.

எறிந்த குப்பையை அள்ளுவது யார்? விழித்திரையை ஒட்டி அதன் பின்னே கருநிற அணுக்கள் ஒரே வரிசையாக அமைந்திருக்கின்றன. கோல் அணுக்கள் காலை வெளிச்சம் வந்ததும் பழைய தட்டுக்களை உதிர்க்க, இந்தக் கருநிற அணுக்கள் அவற்றை விழுங்கி ஜீரணித்து விடுகின்றன. இந்த வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. மாற்று ஆளும் கிடையாது. ஏனென்றால் இந்த அணுக்கள் பொதுவாகப் பெருகுவதில்லை. பிறக்கும்போது கிடைத்தவர்களே கடைசி வரையில் உழைக்க வேண்டும். வயது ஏற ஏற ஜீரணமாகாத கசடு அவற்றுள் தேங்குகிறது. அந்தக் கசட்டின் மேல் ஒளி விழும்போது மேலும் பல திருட்டுத் துணுக்குகள் உண்டாகின்றன. அணுக்களின் அடியில் மஞ்சள் நிறப் படிவுகள் தோன்றுகின்றன.

அறுபது வயதைத் தாண்டியவர்களைப் பீடிக்கும் மஞ்சள் புள்ளிச் சிதைவு என்னும் நோய் இவ்வாறுதான் தொடங்குகிறது. இது இருவகைப்படும். ஒருவகையில் அணுக்கள் மெல்ல மெல்ல வாடி மடிகின்றன. மற்றொரு வகையில் பின்னாலிருந்து பலஹீனமான புதிய இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிந்து, சில வாரங்களிலேயே நடுப்பார்வையைக் கெடுத்து விடுகின்றன. ஓரப் பார்வை இருக்கும், வீட்டுக்குள் நடமாடலாம். ஆனால் பேரக் குழந்தையின் முகம் தெரியாது. கடிதத்தின் எழுத்துத் தெரியாது. இந்நோய்க்குப் பிராணவாயு ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. வமிசத்தின் பங்கும் பெரிது. 2005-ம் வருஷத்தில் மூன்று ஆராய்ச்சிக் கோஷ்டியார் ஒரே சமயத்தில் அதற்குரிய ஒரு முக்கியமான பரம்பரைக் கூற்றைக் கண்டு வெளியிட்டார்கள். ஆயினும் வமிசத்தை மாற்ற நம்மால் இயலாது. சிதைவைக் குறைக்க ஓரளவு இயலும்.

இயற்கை வைத்த காவலாளர்

புதுப்பிப்பைத் தவிர வேறு காவல்களும் கண்ணுக்கு உண்டு. 1969-ல் மெக்கார்டு, பிரிடோவிச் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள், திருட்டுத் துணுக்குகளைப் பிடித்து அடக்குவதற்கென்றே நம் உடம்பில் ஒரு புரதம் இருப்பதைக் கண்டார்கள். செம்பும் துத்தநாகமும் அந்தப் புரதத்தில் அடங்கியிருக்கின்றன. நெல்லிக்காயிலும் எலுமிச்சம்பழத்திலும் உள்ள "ஸி" வைட்டமினைக் கண்ணானது இரத்தத்தில் உள்ளதைவிடப் பன்மடங்கு அதிகமாகச் சேமித்து வைத்துக் கொள்கிறது. "ஈ" வைட்டமினோ கொழுப்போடு கலந்து நின்று, சங்கிலித் திருட்டை நடுவில் அறுத்து விடுகிறது. செருப்பை இழந்தவனுக்குத் தன் செருப்பைத் தானமாகக் கொடுத்துவிட்டு, தான் வேறு யாரிடமும் திருடாமல் இருந்துவிடும் பெருந்தன்மை இதற்கு உண்டு!

எல்லாவற்றிலும் விசித்திரமானது மஞ்சள் புள்ளியின் மஞ்சள் நிறமே. அந்த நிறம் லூட்டீன், ஸீயாக்ஸாந்தின் என்னும் இரு சாயங்களால் வருவது என்று 1985-ல் தீர்மானமாயிற்று. இவை நீல ஒளியை வடிகட்டி நிறுத்துவதோடு துணுக்குகளையும் அடக்குகின்றன. இந்தச் சாயங்களை மனித உடம்பினால் உற்பத்தி செய்ய முடியாது. உண்ணும் உணவிலிருந்துதான் வந்தாக வேண்டும். முருங்கைக் கீரையும், பாலக் கீரையும், மக்காச்சோளமும், முட்டையின் மஞ்சட்கருவும் தருகிற சாயம் கண்ணின் மத்தியில் போய்ச் சேருகிறதென்பது வியப்பல்லவா?

அளவு மீறிய அமிர்தம்

காவல் இன்னதென்று தெரிந்துவிட்டால், அதைக் கூட்டிக் கொடுத்தால் தீர்ந்தது என்று தோன்றும். இங்கேதான் வைத்திய சாஸ்திரம் இருமுறை கடுமையான பாடம் கற்றது.

முதற் பாடம் குழந்தைகளைப் பற்றியது. 1942-ம் வருஷத்தில் பாஸ்டன் நகரத்து டாக்டர் தியோடர் டெர்ரி, குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளிடையே ஒரு புதிய குருட்டு நோயைக் கண்டு எழுதினார். அடுத்த பத்து வருஷங்களில் அந்நோய் பல நாடுகளில் பரவியது. அதிசயம் என்னவென்றால், ஏழை ஆஸ்பத்திரிகளைவிட வசதி நிறைந்த ஆஸ்பத்திரிகளிலேயே அது மிகுதியாக இருந்தது. 1951-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்தில் டாக்டர் கேட் காம்ப்பெல் என்னும் மாது, பிராணவாயுவைத் தாராளமாகக் கொடுத்த இடத்திலேயே நோய் அதிகம் என்பதை எடுத்துக் காட்டினார். வாஷிங்டன் நகரத்தில் டாக்டர் ஆர்னால் பாட்ஸ் இதைப் பரீட்சை செய்து பார்த்தபோது, பிராணவாயு குறைவாகக் கொடுக்கப்பட்ட குழந்தைகளிடம் இரக்கப்பட்ட நர்ஸுகள், இரவில் யாரும் பார்க்காத சமயம் அதைத் திருகிக் கூட்டி விட்டார்களாம். உயிர் காக்கும் வாயு கண்ணைக் கெடுக்குமென்று நம்ப யாருக்குத்தான் மனம் வரும்?

1953-ல் அமெரிக்காவில் 18 ஆஸ்பத்திரிகள் ஒன்று சேர்ந்து பரீட்சையைத் தொடங்கின. மறு வருஷமே சந்தேகம் தீர்ந்தது. அதற்குள் உலகெங்கும் ஏறக்குறைய 10,000 குழந்தைகள் பார்வை இழந்திருந்தார்கள். முற்றாத விழித்திரையில் பிராணவாயு மிகுந்தால் இரத்தக் குழாய்கள் வளராமல் நின்று விடுகின்றன. பிறகு தாறுமாறாக வளர்ந்து திரையையே பிய்த்து விடுகின்றன. உடனே எங்கும் பிராணவாயுவைக் கண்டிப்பாகக் குறைத்தார்கள். குருடு குறைந்தது, ஆனால் மூச்சு முட்டி இறந்த குழந்தைகளின் தொகை ஏறியது. ஒரு குழந்தையின் பார்வையைக் காப்பாற்ற 16 உயிர் பலியாயிற்று என்று 1973-ல் ஒரு டாக்டர் கணக்கிட்டார். 2010-ல் வெளியான 1,316 குழந்தைகளின் பரீட்சையும் இதையே காட்டிற்று: பிராணவாயு அளவைத் தாழ்த்தினால் கண் நோய் குறைகிறது, மரணம் கூடுகிறது. ஆகையால்தான் இன்று கருவி வைத்து நிமிஷத்துக்கு நிமிஷம் அளந்து கொடுக்கிறார்கள்.

நம் தேசத்தில் இது பழங்கதையன்று. சிறு ஊர்களிலுங்கூடக் குறைமாதக் குழந்தைகள் இன்று பிழைத்து வளர்கின்றன. ஆகவே அவர்களுடைய கண்ணைச் சோதிக்கும் பொறுப்பும் வந்து சேர்ந்திருக்கிறது. 34 வாரம் நிறையுமுன் பிறந்த குழந்தையோ, 2 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தையோ வீட்டில் இருந்தால், பிறந்த 30 நாளைக்குள் கண் டாக்டரிடம் விழித்திரையைக் காட்டிவிட வேண்டும் என்பது இந்திய வைத்தியர்களின் விதி. உரிய காலத்தில் கண்டால் சிகிச்சை உண்டு. நாள் தவறினால் பரிகாரம் அரிது.

மாத்திரைக்கு வைத்த பரீட்சை

இரண்டாவது பாடம் முதியவர்களைப் பற்றியது. 1992 முதல் அமெரிக்கத் தேசியக் கண் ஆராய்ச்சி நிலையத்தார் 55 முதல் 80 வயது வரையிலுள்ளவர்களைத் திரட்டி, மஞ்சள் புள்ளிச் சிதைவுக்கு மாத்திரைகளைச் சோதித்தார்கள். சிலருக்கு வைட்டமின்கள், சிலருக்குத் துத்தநாகம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு ஒன்றுமில்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல் நிர்ணயித்தார்கள். கொடுப்பவருக்கும் தெரியாது, உண்பவருக்கும் தெரியாது. 3,640 பேரைச் சராசரி 6 வருஷத்துக்கு மேல் கவனித்து 2001-ம் வருஷத்தில் முடிவை வெளியிட்டார்கள்.

மாத்திரையின் சரக்கு இது: "ஸி" வைட்டமின் 500 மில்லிகிராம், "ஈ" வைட்டமின் 400 யூனிட், பீட்டா காரோட்டீன் 15 மில்லிகிராம், துத்தநாகம் 80 மில்லிகிராம், செம்பு 2 மில்லிகிராம். நோய் நடுத்தரமாக முற்றியவர்களிலும், ஏற்கெனவே ஒரு கண்ணை இழந்தவர்களிலும், வெற்று மாத்திரை உண்டவரில் 100-க்கு 28 பேருக்கு ஐந்து வருஷத்தில் நோய் கடுமையாக முற்றியது. முழு மாத்திரை உண்டவரில் அந்தத் தொகை 100-க்கு 20 ஆகக் குறைந்தது. நூறு பேரில் எட்டுப் பேர் தப்பினார்கள் என்று அர்த்தம். அந்த எட்டுப் பேருக்கு இது சிறு லாபமல்ல. ஆனால் மற்றவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இழந்த பார்வை யாருக்கும் திரும்பவில்லை. நோய் இல்லாதவர்களுக்கும், நோய் அப்போதுதான் அரும்பியவர்களுக்கும் இதனால் பயன் ஒன்றும் காணவில்லை. கண்புரையைத் தடுப்பதிலும் மாத்திரை தோற்றுவிட்டது. மருந்துக் கடைப் புட்டியில் இந்த மூன்று வாக்கியங்களையும் பெரிய எழுத்தில் அச்சிடுவாரைத்தான் காணோம்!

காவலாளியே கள்ளனான கதை

அந்த மாத்திரையில் இருந்த பீட்டா காரோட்டீன் காரட்டுக்குச் செந்நிறம் தரும் பொருள். உணவில் அது மிகவும் நல்லது. அதையே பிழிந்தெடுத்துப் புகை பிடிப்பவர்களுக்குக் கொடுத்தால் நுரையீரல் புற்று நோய் வராமல் தடுக்கும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. பின்லாந்து தேசத்தில் புகை பிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் இதைச் சோதித்து 1994-ல் முடிவு சொன்னார்கள். புற்று நோய் குறையவில்லை. 100-க்கு 18 வீதம் கூடியது! அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்த மற்றொரு பரீட்சையில் 28 வீதம் கூடவே, 1996 ஜனவரியில் அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

ஆகையால் கண் மாத்திரையைத் திருத்தி அமைக்க வேண்டியதாயிற்று. 2006 முதல் 4,203 பேரிடம் இரண்டாவது கண் பரீட்சை நடந்தது. அதன் முடிவு 2013-ல் வெளியாயிற்று. மீன் எண்ணெய்ச் சத்தினால் அதிக லாபம் இல்லை. லூட்டீனையும் ஸீயாக்ஸாந்தினையும் பழைய மாத்திரையோடு கூட்டியதனாலும் மொத்தத்தில் பெரிய மாறுதல் இல்லை. ஆனால் பீட்டா காரோட்டீனை நீக்கிவிட்டு அந்த இடத்தில் லூட்டீன் 10 மில்லிகிராமும் ஸீயாக்ஸாந்தின் 2 மில்லிகிராமும் வைத்தால் காவல் குறையவில்லை, அபாயமும் இல்லை. பத்து வருஷம் தொடர்ந்து கவனித்து 2022-ல் வெளியிட்ட கணக்கும் இதை உறுதிப்படுத்தியது. பீட்டா காரோட்டீன் உண்டவர்களிடையே நுரையீரல் புற்று நோய் ஏறக்குறைய இரட்டித்திருந்தது. முன்பு புகை பிடித்துப் பின்னர் விட்டவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு.

"ஈ" வைட்டமினும் முற்றிலும் சாதுவல்ல. 35,533 ஆண்களிடம் நடந்த வேறொரு பரீட்சையில், தினம் 400 யூனிட் உண்டவர்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழேயுள்ள பிராஸ்டேட் கோளத்தில் புற்று நோய் 100-க்கு 17 வீதம் கூடியதாக 2011-ல் தெரிந்தது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற நம் பழமொழிக்கு இதைவிடச் சிறந்த உரை வேறு வேண்டுவதில்லை. நோய் நடுத்தரத்துக்கு வந்துவிட்டவருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தால் மாத்திரை மருந்தாகும். பயத்தினால் தானே வாங்கி விழுங்குகிறவருக்கு அது மருந்தாகாது.

வீட்டில் செய்யத் தக்கவை

அப்படியானால் நாம் செய்யக் கூடியது என்ன? அதிகம் இருக்கிறது; அதில் பெரும் பகுதிக்குப் பணச் செலவும் இல்லை.

முதலாவது, புகையை விட்டொழிப்பது. நம் கையில் உள்ள காரணங்களில் மஞ்சள் புள்ளிச் சிதைவுக்கு மிகப் பெரியது புகை பிடித்தலே. புகை பிடிப்போருக்கு இந்த ஆபத்து இரண்டு மடங்கும் அதற்கு மேலும் ஆகிறது. ஒவ்வோர் இழுப்பிலும் எண்ணற்ற திருட்டுத் துணுக்குகள் உள்ளே போகின்றன. ஒரு கையில் பீடியும் மறு கையில் கண் மாத்திரையும் வைத்திருப்பது, வீட்டுக்குத் தீ வைத்துவிட்டு ஒரு செம்பு ஜலம் தெளிப்பது போலாகும்.

இரண்டாவது, சர்க்கரை வியாதியைக் கட்டுப்படுத்துவது. நம் குடும்பங்களில் இன்று இந்த வியாதி இல்லாத வீடு அபூர்வம். இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது விழித்திரையின் இரத்தக் குழாய்களில் பிராணவாயுச் சேதம் பெருகுகிறது. இளமையிலேயே இன்ஸுலின் தேவைப்படும் வகையைச் சேர்ந்த 1,441 நோயாளிகளிடம் நடந்த பரீட்சையின் முடிவு 1993-ல் வெளியாயிற்று. சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களில், கண்ணில் அதுவரை கோளாறு இல்லாதவர்களுக்கு விழித்திரை நோய் தோன்றும் ஆபத்து 100-க்கு 76 வீதம் குறைந்தது. எந்த வைட்டமின் மாத்திரையும் இதற்குப் பக்கத்தில் கூட நிற்க முடியாது.

மூன்றாவது, கீரை. அமெரிக்காவில் 1994-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இத்தகைய சாயச் சத்துக்களை உணவில் மிகுதியாகக் கொண்டவர்களிடையே முற்றிய மஞ்சள் புள்ளிச் சிதைவு, மிகக் குறைவாகக் கொண்டவர்களைவிட 100-க்கு 43 வீதம் குறைவாகக் காணப்பட்டது. கீரை உண்பவர்கள் வேறு நல்ல பழக்கங்களும் உள்ளவர்களாயிருக்கலாம். ஆகையால் இது சீட்டுக் குலுக்கிய பரீட்சைக்கு ஈடாகாது. ஆயினும் கீரையினால் கெட்டவர் இல்லை. ஒரு விஷயம் மட்டும் நினைவிருக்கட்டும்: லூட்டீன் கொழுப்பில் கரைவது. வெறும் தண்ணீரில் வேக வைத்து உண்பதைவிட, எண்ணெயோ நெய்யோ விட்டுத் தாளித்து உண்டால்தான் உடம்பில் நன்கு சேரும். நம் பாட்டிமார் கீரை மசியலைத் தாளித்தது ருசிக்காக மட்டுமல்ல போலும்!

நான்காவது, பயத்தில் நிதானம். கைபேசியின் நீல ஒளி விழித்திரையைப் பொசுக்கிவிடும் என்று சொல்லித் தனிக் கண்ணாடி விற்கிறார்கள். பட்டப் பகலில் ஆகாயத்திலிருந்து வரும் நீல ஒளி, கைபேசித் திரையிலிருந்து வருவதைக் காட்டிலும் எத்தனையோ மடங்கு அதிகம். இரவெல்லாம் கைபேசியைப் பார்த்தால் தூக்கம் கெடும், கண் உலரும். விழித்திரை எரிந்து போகாது. ஆனால் சூரியனை நேரே நோக்குவது மெய்யான அபாயம். கிரகண காலத்தில் குழந்தைகளைக் கவனித்துக் கொள்ளுங்கள். புகையேற்றிய கண்ணாடியும் பழைய எக்ஸ்ரே படமும் காவலாகா.

ஐந்தாவதும் முக்கியமானதும், காலத்தில் சோதித்துப் பார்ப்பது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களும் சர்க்கரை வியாதி உள்ளவர்களும் கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கும்படி டாக்டரைக் கேட்க வேண்டும். மூக்குக் கண்ணாடிக் கடையில் எழுத்துப் படித்துக் காட்டுவது இதற்குப் போதாது. வீட்டிலும் ஒரு சோதனை செய்யலாம். மார்க் ஆம்ஸ்லர் என்ற ஸ்விட்சர்லாந்து டாக்டர் வகுத்த முறை இது. கட்டம் போட்ட கணக்கு நோட்டின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, படிக்கும் கண்ணாடியை அணிந்து கொண்டு, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் புள்ளியைப் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். கோடுகள் நேராகத் தெரிந்தால் நல்லது. ஒரு கோடு வளைந்தாலும், நெளிந்தாலும், ஓரிடம் அழிந்தாற் போல் தோன்றினாலும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இருக்கலாகாது.

ஏனென்றால், இரத்தக் குழாய் கசியும் வகைக்கு இப்போது நல்ல சிகிச்சை வந்திருக்கிறது. கண்ணுக்குள் ஊசி வழியாகச் செலுத்தும் ஒரு மருந்தை 2006-ல் அமெரிக்க அரசாங்கம் அனுமதித்தது. பரீட்சையில் அந்த மருந்தைப் பெற்றவரில் 100-க்குச் சுமார் 95 பேருக்கு ஒரு வருஷத்தில் பார்வை பெரிதாகக் குறையவில்லை. மருந்து பெறாதவர்களில் அத்தொகை 62-தான். முன்னே நிச்சயமாகக் குருடு என்று கைவிடப்பட்ட கண்கள் இன்று செய்தித்தாள் படிக்கின்றன. ஆனால் அணுக்கள் மடிந்து தழும்பு விழுந்த பிறகு எந்த ஊசியும் பயன்படாது. இரு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்து விடுவதால், நம் பெரியவர்களில் பலர் தங்களுக்கு நோய் வந்திருப்பதையே அறியாமல் இருக்கிறார்கள்.

இந்த வாரம் நேயர்கள் வீட்டில் ஒரு காரியம் செய்ய வேண்டுமென்று கேட்டுக் கொள்கிறோம். குழந்தைகளின் கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து நடுவில் புள்ளி வையுங்கள். தாத்தாவையும் பாட்டியையும் ஜன்னலோரத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். கோடு நேராகத் தெரிகிறதென்று அவர்கள் சொன்னால் மகிழ்ச்சியுடன் அந்தத் தாளைச் சுவரில் ஒட்டி வைத்து வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். வளைகிறதென்று சொன்னால், மாத்திரைப் புட்டிக்கு ஒதுக்கிய பணத்தை எடுத்துக் கொண்டு அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.